ராஜா இட்ட முட்டை

இந்தத் தீவுகளுக்குக் கால்நடை மருத்துவராகப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, மாட்டைப் பற்றியும் கோழிக் கழிச்சலைப் பற்றியும் என்னைவிட நீங்கள் நன்றாகவே படித்திருப்பீர்கள். ஊசியை எங்கே குத்துவது என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் பேசப்போவது வாயை எப்போது மூடிக்கொள்வது என்பதைப் பற்றி. அதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. திறக்கக் கூடாத இடத்திலெல்லாம் திறந்து பார்த்தவன் நான்.

அந்த நாளில் இங்கே கிளி இல்லாத வீடு அபூர்வம். இன்று காட்டுக்கிளியைக் கூண்டில் வைத்தால் சட்டம் சும்மா விடாது, விடவும் கூடாது. அன்று அப்படியில்லை. மரம் வெட்டப் போகிறவர்கள் பொந்திலிருந்து குஞ்சு எடுத்து வருவார்கள், கேட்டவருக்குக் கொடுப்பார்கள். இறக்கையில் சிவப்புத் திட்டுள்ள பெரிய பச்சைக்கிளி அது. ஆணாக இருந்தால் இரண்டு மூன்று வயதில் கழுத்தைச் சுற்றிக் கறுப்பும் ரோஜா நிறமுமாக ஒரு வளையம் விழும். அதுவரை ஆணுக்கும் பெண்ணுக்கும் வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது. இப்போது நீங்கள் ஓர் இறகைப் பிடுங்கி மெயின்லேண்டுக்கு அனுப்பிப் பதில் வாங்கிவிடுகிறீர்கள். எங்களிடம் இருந்ததெல்லாம் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொள்ளும் திறமை மட்டும்தான்.

ஆனால் ஜனங்கள் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். ஆணா, பெண்ணா? ஆண் கிளிதான் நன்றாகப் பேசும் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. பேசாத கிளியைப் 'பொட்டை' என்று சொல்லி ஒதுக்குவார்கள். போர்ட் பிளேரில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேலதிகாரி ஒருவர் எனக்குத் தந்த ஒரே தொழில் ரகசியம் இதைப் பற்றியது.

"தெரியாதுன்னு மட்டும் சொல்லிடாதய்யா. டாக்டருக்கே தெரியலன்னா நாளைக்கு மாட்டை யாரு கூட்டிட்டு வருவா? அலகைப் பாரு, இறக்கையை விரிச்சுப் பாரு, ஏதாவது ஒண்ணச் சொல்லு. பாதித் தடவை சரியாத்தான் இருக்கும்."

கணக்குப்படி அவர் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. அந்தப் பாதியை நம்பித்தான் நான் திக்லிபூருக்கு மாற்றலாகிப் போனேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. ஏரியல் பே ஜெட்டியில் கப்பலைவிட்டு இறங்கி, ஜீப்பில் குலுங்கிப் போய்ச் சேர்ந்தால் தகரக் கூரை போட்ட ஆஸ்பத்திரி, அதை ஒட்டிக் குவார்ட்டர்ஸ். சுற்றிலும் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் நெல் வயல்கள். என் கம்பவுண்டர் பிஸ்வாஸும் வங்காளிதான். மருந்து கலப்பதைவிடச் செய்தி பரப்புவதில் அவன் கெட்டிக்காரன்.

போன கொஞ்ச நாளில் ஒருவர் எங்களுக்கு ஒரு கிளிக்குஞ்சு கொடுத்தார். அவருடைய ஆட்டை நான் காப்பாற்றியதற்கான மரியாதை. புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆண்" என்று சொல்லி 'ராஜா' என்று பெயர் வைத்தேன். என் மனைவி அதற்குக் குழைத்த சோறு ஊட்டினாள். அவள் தோளிலேயே அது வளர்ந்தது. அவள் துணி துவைத்தால் துவைக்கிற கல்லின் பக்கத்தில், சமைத்தால் அடுப்படி ஜன்னலில். என்னைக் கண்டால் மட்டும் கழுத்து இறகையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு வரும். என் இரண்டு கைகளிலும் அது கடிக்காத விரல் இல்லை. ஊரில் உள்ள முரட்டுக் காளைகளையெல்லாம் மடக்கிப் போடுகிறவன், சொந்த வீட்டில் சாப்பிடும்போது ஒரு கையில் மடித்த பேப்பரைத் தற்காப்புக்கு வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

படித்தவனுக்கு அவமானம் நேர்ந்தால் அதிலிருந்து ஒரு கொள்கையை உண்டாக்கிக்கொள்வான். நானும் உண்டாக்கினேன். ஆண் கிளி பெண்களிடம் ஒட்டும், ஆண்களைப் போட்டியாளனாக நினைத்துக் கடிக்கும். பெண் கிளி ஆண்களிடம் ஒட்டும், பெண்களைக் கடிக்கும். இதற்கு ஆதாரம் ஒரே ஒரு கிளி. அதுவும் கொள்கைக்கு ஏற்றபடி நானே ஆண் என்று முடிவு செய்த கிளி. ஆனால் இந்தியில் சொல்லும்போது அது மிகவும் கம்பீரமாக இருந்தது. டீக்கடையில் சொன்னேன், ஜெட்டியில் சொன்னேன். ஒத்துவந்த வீட்டில் "பார்த்தீர்களா" என்றேன். ஒத்துவராத வீட்டில், "விதிவிலக்கு" என்றேன்.

என் மனைவி மட்டும் அவ்வப்போது கேட்பாள். "ஏங்க, ராஜாவுக்குக் கழுத்துல வளையம் வரணும்னு சொன்னீங்களே, எப்ப வரும்?"

"வரும். இந்தத் தீவு ஈரக்காத்துக்குக் கொஞ்சம் தாமதமாகும்."

"மூணு வயசாகப் போகுதுங்க."

"அதான் சொல்றேனே, ஈரக்காத்து."

இப்படியிருக்கும்போதுதான் ஒரு நாள் காலை ரோசம்மாளும் ஹரிபதவும் ஒரு கிளியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்.

ரோசம்மாளின் கணவர் சவரிமுத்து அரசாங்க லாஞ்ச் படகு ஓட்டுகிறவர். இரண்டு பேருக்கும் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். லாஞ்ச் போனால் சவரிமுத்து வீடு திரும்பப் பல நாள் ஆகும். அவர்கள் குடியிருந்த பகுதி முழுக்க வங்காளிகள். ரோசம்மாளுக்கு இந்தியில் தண்ணீர், அரிசி, விலை என்ன, இவ்வளவுதான் தெரியும். அந்த வட்டாரத்தில் அவளிடம் தமிழ் பேசிய ஒரே ஜீவன் அவள் வளர்த்த கிளி. எங்கள் குவார்ட்டர்ஸ் வெகு தூரம். சந்தை நாளில்தான் அவளும் என் மனைவியும் பார்த்துக்கொள்வார்கள்.

ஹரிபத அவளுடைய பக்கத்து வயல்காரர். வயதானவர், மனைவி இறந்துவிட்டாள், ஒரே மகளை மாயாபந்தரில் கட்டிக்கொடுத்திருந்தார். ரோசம்மாளின் தாய்க்கு உடம்பு முடியவில்லை என்று தந்தி வந்து அவள் மெயின்லேண்டுக்குப் போனபோது, கிளியை அவரிடம் விட்டுப் போனாள். போனவள் தாயை அடக்கம் செய்துவிட்டுக் கப்பல் கிடைத்துத் திரும்பி வர அரை வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

குடியேற்றக்காரர்களிடம் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. மெயின்லேண்டுக்குப் போகிறவர்கள் ஆடு கோழியை அக்கம்பக்கத்தில் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வந்ததும் பெருகியதில் பாதி வளர்த்தவருக்கு, பாதி சொந்தக்காரருக்கு. 'ஆதா-ஆதா' என்பார்கள். குட்டியைப் பங்கு போடலாம், குஞ்சுகளைப் பங்கு போடலாம். ஆனால் இது ஒற்றைக் கிளி, அதுவும் குஞ்சு பொரிக்காத கிளி. இதில் எதைப் பங்கு போடுவது? பெருகியதெல்லாம் கிளிக்கும் ஹரிபதவுக்கும் இடையே இருந்த பாசம் மட்டும்தான். ஊர்ப்பெரியவர்கள் யோசித்துப் பார்த்துவிட்டு, டாக்டர் பாபு கிளிகளைப் பற்றி எல்லாம் தெரிந்தவர், அவரிடம் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பின்னாலேயே ஒரு கூட்டமும் வந்தது.

"டாக்டரய்யா," என்றாள் ரோசம்மாள். "றெக்க மொளைக்காத குஞ்சா இருக்கையில எடுத்தது. கஞ்சிய வெரல்ல தொட்டுத் தொட்டு ஊட்டி வளத்தேன். அம்மைய அடக்கம் பண்ணிட்டு வந்து ஆசையா எடுத்தா, என்னய யாருன்னு கேக்கு. பாருங்க." கையைக் காட்டினாள். நல்ல ஆழமான கடி.

ஹரிபத பெரிதாக வாதாடவில்லை. கிளி அவர் தோளில் உட்கார்ந்து காது மயிரைக் கோதிக்கொண்டிருந்தது. "ஆப் ஜோ போலேகா, ஹம் மானேகா," என்றார். நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன் என்கிறார். இப்படி ஒருவர் சொல்லும்போது நம்மைப் போன்றவர்களுக்குத் தலை கனத்துவிடும். இந்த வார்த்தையைக் கேட்டால் உஷாராக இருங்கள்.

நான் கிளியை லாவகமாகப் பிடித்தேன். அது கத்திய கத்தலில் வெளியே கட்டியிருந்த மாடுகள் மிரண்டன. அலகைப் பார்த்தேன், இறக்கையை விரித்துப் பார்த்தேன், அடிவயிற்றை விரலால் அமுக்கிப் பார்த்தேன். ஒன்றரை வயதுக் கிளி. கழுத்தில் வளையம் இல்லை. இருக்கவும் முடியாது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மாதா ஹை," என்றேன். பெண்.

பிறகு கொள்கையை விளக்கினேன். பெண் கிளி வயதுக்கு வந்ததும் ஒரு ஆணைத் துணையாகத் தேர்ந்துகொள்ளும், பெண்களைச் சக்களத்தியாக நினைக்கும், இது இயற்கை, யார்மேலும் தப்பில்லை, ஆகவே கிளி ஹரிபதவிடம் இருப்பதுதான் கிளிக்கு நல்லது. கூட்டத்துக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. ஹரிபதவைச் சீண்டினார்கள். புதுமாப்பிள்ளை என்றார்கள். அவர் வெட்கப்பட்டார்.

ரோசம்மாளுக்கு நான் தமிழில் இன்னொரு தடவை சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப நா பொம்பளைங்கிறதாலயா அது என்னய வேண்டாங்கு?"

"அறிவியல்படி அப்படித்தான்மா."

"சரிங்கய்யா," என்று போய்விட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. நான் தீர்ப்பு நன்றாகப் பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை வீட்டில் என் மனைவி சோறு வைத்தாள். ராஜா வழக்கம்போல் என்னைக் கடிக்க வந்தது. அவள் தடுக்கவில்லை.

கொஞ்ச நாளில் சவரிமுத்துவுக்கு ஹட் பேவுக்கு மாற்றல் வந்தது. தீவுகளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. இங்கிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பல், அங்கிருந்து வேறு கப்பல். போனால் போனதுதான், கிளியை எட்டிப் பார்த்துவிட்டு வரும் தூரம் இல்லை. சந்தையிலிருந்து வந்த என் மனைவி கையில் ஒரு காலிக் கூண்டு இருந்தது.

"ரோசம்மா குடுத்தா," என்றாள். "உங்க ராஜாவுக்கு மாத்துக் கூண்டா இருக்கட்டும் அக்கான்னு. சாமான் கட்டிட்டு இருக்கா. கிளியப் பத்தி எதுவும் பேசல. நான்தான் கேட்டேன். அது இருந்தா வாய் ஓஞ்சு கெடக்காது அக்கா, அவ்வளவுதான்னு சொன்னா. அம்மாவும் போயிட்டாங்க, இப்ப இதுவும் இல்ல. நீங்க சொன்னதுல அவ மனசுல எது தங்கிருக்கு தெரியுமா? தான் பொம்பளையாப் பொறந்ததுதான் குத்தம்னு."

எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அறிவியல் என்று ஒன்று இருக்கிறதல்லவா என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரத்தில் ராஜாவின் குணம் மிகவும் மோசமாகிவிட்டது. எந்நேரமும் கட்டிலுக்கு அடியில் என் கம்பூட்ஸ் பக்கத்திலேயே இருக்கும். யார் குனிந்தாலும் பாயும். அது கடிக்காத என் மனைவியையே ஒரு தடவை கடித்துவிட்டது. நான் விளக்கம் வைத்திருந்தேன். "ஆண் இல்லையா, எல்லை வகுக்கிறான். வயசு அப்படி."

ஒரு நாள் விடிந்ததும் பிஸ்வாஸ் ஓடிவந்தான். ஒரு பசு கன்று போட முடியாமல் கிடக்கிறதாம். அவசரமாகக் கிளம்பினேன். நம் தீவில் பூட்ஸை உதறாமல் யாரும் கால் நுழைப்பதில்லை. நம் ஊர்ப் பூரான் எப்படிப்பட்டது என்று உங்களுக்கும் இதற்குள் தெரிந்திருக்கும். ராஜாவைத் துண்டால் ஒதுக்கிவிட்டு வலது பூட்ஸைக் கவிழ்த்து உதறினேன். பூரான் வரவில்லை. வெள்ளை வெளேரென்று ஒரு முட்டை பாயில் உருண்டு வந்து நின்றது.

நான் அதைப் பார்த்தேன். என் மனைவி அதைப் பார்த்தாள். வாசலில் நின்ற பிஸ்வாஸும் அதைப் பார்த்தான். ராஜா நிதானமாக நடந்து வந்து முட்டையை அலகால் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

"ஈரக்காத்து," என்றாள் என் மனைவி.

பசு நல்லபடியாகக் கன்று போட்டது. திரும்பும்போது கடைத்தெருவில் டீ கேட்டேன். டீயோடு கேட்காமலே ஒரு அவித்த முட்டையைக் கடைக்காரர் வைத்தார். பிஸ்வாஸ் எனக்கு முன்னாலேயே சைக்கிளில் வந்து போயிருந்தான். அன்றிலிருந்து நான் அந்த ஊரைவிட்டுப் போகும்வரை முட்டை டாக்டர்தான். இந்தியில், 'அண்டா டாக்டர்.' பிள்ளைகள்கூடச் சொல்வார்கள்.

அதை நான் தாங்கிக்கொண்டேன். சிரிப்பை யாரும் தாங்கிக்கொள்ளலாம். கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. ராஜா பெண். பெண்ணாக இருந்துகொண்டு இத்தனை வருஷம் ஒரு பெண்ணிடம் உயிராக இருந்திருக்கிறது. ஆணாகிய என்னை மட்டும் கடித்திருக்கிறது. அப்படியானால் என் கொள்கையின் ஒரே ஆதாரம் என் கொள்கைக்கே எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. ரோசம்மாளுக்கு நான் சொன்ன தீர்ப்பு காற்றில் நின்றது. கப்பல் வர ஒரு வாரம் போல்தான் இருந்தது.

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில் மனசு என்னென்ன தந்திரம் செய்யும் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு கிளியில் தப்பியதால் மற்றக் கிளியிலும் தப்பியிருக்க வேண்டுமா என்றது. அவர்கள் போகத்தான் போகிறார்கள், எதற்குக் கிளற வேண்டும் என்றது. கிழவர் தனியாள், பாவம், அவரிடமே இருக்கட்டும் என்று தர்மம்கூடப் பேசியது. இந்தக் கடைசி வாதம்தான் ஆபத்தானது, ஏனென்றால் அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. ஆனால் அந்த உண்மையை வைத்து நான் தீர்ப்புச் சொல்லவில்லையே. ஒரு பொய்யை அறிவியல் என்று சொல்லித்தான் அவளை அனுப்பினேன்.

மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். ரோசம்மாளை அழைத்துக்கொண்டு ஹரிபத வீட்டு முற்றத்துக்குப் போவதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. எனக்கு முன்னால் பிஸ்வாஸ் நின்றுகொண்டிருந்தான்.

"டாக்டர் பாபு," என்றார் ஹரிபத மிகவும் மரியாதையாக, "ஆப்கா ராஜா அண்டா தியா?"

"தியா," என்றேன். ஆமாம், முட்டை போட்டது.

எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். வெகுநேரம் ஆனது. பிறகு அவர் தோளில் இருந்த கிளியைக் காட்டி, "தோ யே? நர் யா மாதா?" என்றார். இது ஆணா, பெண்ணா?

"மாலும் நஹீ," என்றேன். "அன்னைக்கும் எனக்குத் தெரியாது. சும்மா சொன்னேன்."

என் உத்தியோகத்தில் நான் சொன்ன முதல் 'தெரியாது' அது. மறுநாளும் மாட்டைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அதற்கடுத்த நாளும் வந்தார்கள். என் மேலதிகாரி பயந்ததுபோல் ஒன்றும் ஆகவில்லை.

ரோசம்மாளிடம் தமிழில் சொன்னேன். "அம்மா, நீ பொம்பளைங்கிறதால இல்ல. நான் சொன்னது தப்பு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பெறகு என்னத்துக்கு என்னயக் கடிச்சுது?"

இதற்கும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இது எனக்குத் தெரியும். முந்தின இரவெல்லாம் ராஜாவை நினைத்துக்கொண்டிருந்ததில் தெரிந்துபோயிருந்தது. மூன்று வருஷமாக வாரம் தவறாமல் அதைப் பிடித்து அமுக்கி, அலகைப் பார்த்து, நகத்தை வெட்டி, கழுத்தில் வளையம் தேடியது நான். ஒரு தடவைகூடப் பிடிக்காதவள் என் மனைவி. அவளிடம் அதுவாகத்தான் போகும்.

"ஊர்லேருந்து வந்ததும் எப்படி எடுத்தே?" என்று கேட்டேன்.

"ஆசையில பின்னால போயி ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சுட்டேன். கடிச்சது. பெறகு துண்டப் போட்டுப் பிடிச்சுக் கூண்டுல அடைச்சேன், ஓடிரக் கூடாதேன்னு. வெளிய விட்டதும் இவிய வீட்டுக்குப் பறந்துட்டு."

ஹரிபத எப்படி என்று பார்த்தேன். அவர் நெல்லைக் கையால் உரித்து வாசற்படியில் போடுவார், பிறகு வேறு பக்கம் திரும்பிப் பீடி குடிப்பார். அவ்வளவுதான் அவருடைய வளர்ப்பு.

அங்கே நான் தீர்ப்பை மாற்றி எழுதவில்லை. தீர்ப்பே சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன். கப்பல் வரும்வரை ரோசம்மாள் தினமும் பகலில் இந்த முற்றத்துக்கு வரட்டும். தன் வேலையைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டும். கிளியைப் பிடிக்கக் கூடாது, கூப்பிடக் கூடாது. ஹரிபத இதற்குச் சம்மதிக்க வேண்டும். சம்மதிப்பது அவருக்கு நஷ்டம் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அப்படியிருந்தும், "ஆயேகா தோ உஸ்கா," என்றார். அவளிடம் வந்தால் அவளுடையது.

முதல் நாட்களில் கிளி அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. பலா மரத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. அவள் அரிசியில் கல் பொறுக்கினாள், கருவாட்டைக் காய வைத்துத் திருப்பினாள், சவரிமுத்துவின் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். வேலை செய்யும்போது அவள் பாட்டுக்குத் தமிழில் முணுமுணுத்துக்கொண்டிருப்பாள் என்று என் மனைவி சொன்னாள். துணைக்கு அவளும் போய் உட்கார ஆரம்பித்திருந்தாள். நான் போனால் கிளி மிரளும் என்று என்னை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டார்கள். இலாகா அதிகாரி ஒருவர் சாணிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பதை அந்த ஊரே பார்த்தது.

கப்பலுக்கு முந்தின நாள் அது நடந்தது. ரோசம்மாள் குனிந்து மீன் வலையில் ஒரு கிழிசலை முடிந்துகொண்டிருந்தாள். கிளி மரத்திலிருந்து கூரைக்கு வந்தது, கூரையிலிருந்து படிக்கு வந்தது. படியிலிருந்து நடந்தே வந்தது, கால்விரலை உள்ளே மடித்துக்கொண்டு கிளி நடக்கும் அந்தக் கோணல் நடை. அவள் சேலைத் தலைப்பை அலகால் பிடித்து ஏறி, தோளில் உட்கார்ந்து, காதுக் கம்மலை இழுத்துப் பார்த்தது. அவள் கையைத் தூக்கவே இல்லை. முடிச்சுப் போடுவதை நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணீர் மட்டும் வலைமேல் சொட்டிக்கொண்டிருந்தது.

ஹரிபத பீடியை அணைத்தார். கொட்டகைக்குப் பின்னால் நின்ற என் பக்கம் திரும்பி, "பிஞ்ச்ரா லாவ்," என்றார். கூண்டைக் கொண்டுவா.

என் மனைவி வீட்டுக்குப் போய் அந்தக் காலிக் கூண்டைக் கொண்டுவந்தாள். மறுநாள் ஜெட்டிக்கு அவர் வரவில்லை. உரித்த நெல் ஒரு பொட்டலம் பிஸ்வாஸிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்.

ஒரு வருஷம் கழித்துக் கப்பல் ஆட்கள் மூலம் ஹட் பேயிலிருந்து சேதி வந்தது. அந்தக் கிளிக்குக் கழுத்தில் வளையம் விழுந்துவிட்டதாம். அதாவது ஆண். நான் அதிலும் தப்பு.

ஆண் பெண் பேதமே கிளியின் குணத்தில் இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருக்கிறது. வளையம் விழுந்த ஆண் தலையை ஆட்டி ஆட்டிச் சுற்றிவரும், பிடித்தவருக்குத் தின்றதைக் கக்கி ஊட்டப் பார்க்கும், பிடித்தவர் பக்கத்தில் வேறு யாரும் வந்தால் பொறாமைப்படும். பெண் முட்டையிடும் பருவத்தில் இருட்டு மூலையைத் தேடும், அப்போது தெய்வமே வந்தாலும் கடிக்கும். பேச்சில் ஆண் கொஞ்சம் முந்தும், பெண்ணும் பேசும். இதெல்லாம் பருவத்தோடு வந்து போகிறவை. யாரிடம் ஒட்டுவது என்பதை அது வேறு இடத்தில் வைத்து முடிவு செய்கிறது. உங்களிடம் ஒரு கிளியைக் கொண்டுவந்து ஏன் கடிக்கிறது என்று கேட்டால், அதன் கழுத்தைப் பார்ப்பதற்கு முன் கொண்டுவந்தவரின் கையைப் பாருங்கள். பிறகு உங்கள் கையையும் பாருங்கள்.

சொல்ல வந்தது இன்னும் மிச்சம் இருக்கிறது.

ரோசம்மாள் கப்பலேறிப் போன சில நாளில் ஹரிபத ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ஆடு இல்லை, மாடு இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரும் போகும்வரை காத்திருந்தார். பிஸ்வாஸையும் அனுப்பச் சொன்னார். மத்தியான நேரம். எனக்கு மனைவி காத்திருப்பாளே என்று இருந்தது.

அந்தக் கிளி தினமும் ஒரே ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லும், அதற்கு அர்த்தம் என்ன என்று கேட்டார். அது ரோசம்மாள் பாஷை. அவளிடம் கேட்கக் கூச்சமாக இருந்ததாம். ஏனென்றால் அது ஏதோ கெட்ட வசவு என்று அவருக்குச் சந்தேகம். நேராக முகத்தைப் பார்த்து, தலையைச் சாய்த்துக்கொண்டு சொல்லுமாம். பெண்பிள்ளையிடம் போய் வசவுக்கு அர்த்தம் கேட்கலாமா?

"என்ன வார்த்தை?"

அவர் வாயைக் கோணி, கிளியின் குரலிலேயே சொல்லிக் காட்டினார். "சாப்டியா?"

சொல்லாமல் விடலாமா என்றுகூட யோசித்தேன். அர்த்தம் தெரியாவிட்டால் அவருக்கு ஒரு கிளி மட்டும்தான் போயிருக்கும். ஆனால் அவர் அதைத் தெரிந்துகொள்ளத்தான் வெயிலில் நடந்து வந்திருந்தார்.

"வசவு இல்லை பெரியவரே," என்றேன். "நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டிருக்கிறது."



"ரோஜ் பூச்தா தா," என்றார். தினமும் கேட்டது. பிறகு, "ஹம் ரோஜ் காலி தியா," என்றார். நான் தினமும் திட்டினேன்.

நான் மேஜையைப் பூட்டிவிட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, என்னிடம் சொல்வதுபோல் இல்லாமல், மெதுவாகச் சொன்னார்.

"நஹீ காயா. அபி தக் நஹீ காயா."

இன்னும் சாப்பிடவில்லை. நான் அவரை எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப் போனேன்.